பாத்தியைத் தோண்டாத மக்கா

வாலே மக்கா, உக்காரு. கட்டில்ல வேண்டாம். கயிறு தொஞ்சு கிடக்கு, உன் பக்தியோட பாரத்தை அது தாங்காது. மூணு நாள் கன்வென்ஷனுக்குப் போயிட்டு வந்ததுலருந்து உன் கால் தரையில படலன்னு உங்கம்மை சொன்னா. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஆயர்கிட்டயே போயி, “ஐயா, பிரசங்கத்துல ஆழம் பத்தல”ன்னு சொன்னியாமே? அவரு என்ன சொன்னாரு? “எனக்காக ஜெபம் பண்ணு தம்பி”ன்னாரா? சரிதான். அந்த இடத்துல வளந்த ஆளு யாருன்னு கோயில் வாசல்ல செருப்பு தேடிக்கிட்டு நின்ன சின்னப் பயலுக்கே விளங்கியிருக்கும்.

மூஞ்சியைத் தூக்காத. விசுவாசத்துல வளர என்ன வழி தாத்தான்னு நீதானே கேட்டே?

உனக்கு ஆறு வயசுல, புறவாசல்ல பனங்கொட்டை பாத்தி போட்டேனே, ஞாபகம் இருக்கா? ஆவணியில பழம் பொறுக்கி, கொட்டையை அடுக்கி, மண்ணை மூடி வச்சா தை பிறக்கையில கிழங்கு. ஊருக்கே கிழங்கு வந்துச்சு, நம்ம வீட்டுக்கு மட்டும் வரல. ஏன்னா நீ தினமும் சாயங்காலம் குச்சியை எடுத்துட்டுப் போயி, வளந்துட்டான்னு ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பாத்துட்டு, திரும்பச் சொருகி வச்சிட்டு வந்திருக்கே. இப்பவும் அதே வேலையைத்தான் பாக்கே. காலையில எந்திரிச்சதும் நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவு பரிசுத்தம் கூடியிருக்குன்னு பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தா, அது எங்கலே வேர் பிடிக்கும்?

பனையோட சூட்சுமமே வேற. கொட்டையிலருந்து முதல்ல வர்றது மேல பாத்து வராது, நேரே கீழ இறங்கும். மண்ணுக்குள்ள கிழங்கு முத்தின பொறவுதான் ஒத்தை ஓலை வெளியே எட்டிப் பாக்கும். அதுக்கப்புறம் பதனி குடுக்க 15, 20 வருஷம் ஆவும். பவுல் அப்போஸ்தலரும் நம்ம பனை சாதிதான்னு நான் நினைச்சுக்கிடுவேன். கொரிந்தியருக்கு எழுதும்போது, அப்போஸ்தலருக்குள்ள நான் கடைசி ஆளுங்காரு. எபேசியருக்கு எழுதும்போது, விசுவாசிகள் அத்தனை பேருக்கும் கீழ போயிட்டாரு. வயசாகி தீமோத்தேயுவுக்கு எழுதையில, பாவிகள்ல நான்தான் முதல் ஆளுன்னுட்டாரு. சர்வீஸ் கூடக்கூட மனுஷன் இறங்கிக்கிட்டே போறாரு. நம்ம ஊருல எப்படி? முதல்ல பாடற்குழு, பொறவு கமிட்டி, பொறவு செயலாளர், பொறவு தேர்தலுக்கு வேன் பிடிச்சு ஓட்டுக்கு ஆள் ஏத்துறது. அதுவும் வளர்ச்சிதான். புளிச்ச மாவும் பொங்கத்தானே செய்யுது.

இடையன்குடி கோயிலுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனேனே, அண்ணாந்து பாத்துட்டுக் கழுத்து வலிக்குன்னியே. அந்தப் பனங்காட்டுக்குக் கால்டுவெல் ஐயரு வந்தது 1841-ல. கோயில் வேலை தொடங்கினது 1847. பிரதிஷ்டை பண்ணினது 1880. முப்பத்தி மூணு வருஷம்! நடுவுல 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தையே எழுதி வெளியிட்டாச்சு, கோயில் முடியல. வேலை தொடங்கையில தொட்டில்ல கிடந்த பிள்ளைக, முடியும்போது தன் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நின்னிருக்கும். கல்லும் சுண்ணாம்பும் சொன்ன பேச்சு கேக்கும், அதுக்கே அத்தனை வருஷம். உனக்கு வெள்ளி, சனி, ஞாயிறு போதுமாக்கும்!

கவிஞர் கிருஷ்ண பிள்ளையும் அப்படித்தான். 1858-ல ஞானஸ்நானம் வாங்கினவரு. அவரு பாடின இரட்சணிய யாத்திரிகம் புத்தகமா வந்தது 1894-ல. நீ பந்தலைப் பிரிக்குமுன்னே செல்போன்ல சாட்சி வீடியோ போட்டுட்டே. 214 பேர் பாத்திருக்காங்கன்னு வேற சொல்லுதே. அதுல நாலு தடவை நான்தான்லே. எப்படி நிறுத்துறதுன்னு தெரியல.

சரி, இப்பக் கொஞ்சம் கிட்ட வா. அசனத்தைப் பத்திக் கேக்கணும்.

போன மாசம் அசனத்துல எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சிட்டே. பந்தியில உக்காந்தே. இலை போட்டாச்சு. கிழக்குத் தெருவுலருந்து புதுசா சபையில சேந்த குடும்பம் வந்து உன் பக்கத்துல உக்காந்துச்சு. உடனே நீ தண்ணி எடுக்கப் போற மாதிரி எந்திரிச்சு, அடுத்த வரிசையில கூட்டாளிக நடுவுல போய் ஒண்டிக்கிட்டே. தண்ணிச் செம்பு உன் இலைக்கு முன்னாலதான் இருந்துச்சு. அந்தப் பொம்பளை அதை எடுத்து உனக்கு நீட்டினா. நீ பாக்கல. நான் பாத்தேன்.

வெக்கப்படாத, உனக்கு முன்னால பெரிய ஆளு ஒருத்தரு இதுல வழுக்கியிருக்காரு. பேதுரு, பெந்தெகொஸ்தே நாள்ல ஒரே பிரசங்கத்துல மூவாயிரம் பேரைச் சேத்த மனுஷன். அந்தியோகியாவுல புறஜாதியாரோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. எருசலேம்லருந்து ஆளுக வந்ததும், மெல்ல நகந்துட்டாரு. அவருக்கும் தண்ணி எடுக்கணும்னு தோணியிருக்கும்போல. பவுல் எல்லாருக்கும் முன்னால முகத்துக்கு நேரே கேட்டுட்டாரு. ஆண்டவரைத் தெரியாதுன்னு சொல்லிட்டு, சேவல் கூவினப்போ அழுது முடிச்சாச்சே, இனிமே வளர என்ன இருக்குன்னு அவரு நினைச்சிருந்தா, அன்னைக்குப் பவுலோட பேச்சை விட்டிருப்பாரு. பின்னால தன் நிருபத்துல அதே பவுலை ‘பிரியமான சகோதரன்’னு சொல்லுதாரே, அதைத்தான் நான் பெரிய அற்புதம்னு சொல்லுவேன். கடல்மேல நடந்தது அதுக்கு அடுத்தபடிதான்.

ஆயர் ஐயாகிட்ட இதைச் சொல்லிராத. அடுத்த வாரம் என்னையப் பிரசங்கம் பண்ணச் சொல்லிருவாரு.

நாற்பது வருஷம் பனை ஏறினவன் நான். பாளையைத் தினமும் சீவணும். நேத்து நல்லாச் சீவினோமேன்னு இன்னைக்குச் சும்மா இருந்தா, ஊறல் நின்னு போவும். கலயத்துல சுண்ணாம்பு தடவலேன்னா, விடிய இனிச்சது கொஞ்ச நேரத்துல கள்ளாயிரும். இந்தச் சுண்ணாம்பு எதுக்கு அடையாளம்னு நோட்டுல எழுத வேண்டாம். எனக்கு அது உங்க பாட்டி. நான் குடும்ப ஜெபத்துல கண்ணை மூடி உருகிக்கிட்டு இருக்கும்போது, “முதல்ல கடைக்காரனுக்குக் குடுக்க வேண்டிய அறுபது ரூவாயைக் குடுத்துட்டு வந்து ஆமென் சொல்லுங்க”ன்னுவா. நாக்கு பொத்துப் போவும். ஆனா புளிக்க விடமாட்டா. போய்ச் சேந்து ஒன்பது வருஷமாச்சு. நான் அங்கங்கே புளிச்சுத்தான் கிடக்கேன்.

என்னத்துக்கு அப்படிப் பாக்கே? என் வளர்ச்சியைக் கேக்கணும்போல இருக்கோ? கேளு. பேதுருவோட ரெண்டாம் நிருபத்துல ஒரு வரிசை இருக்கு, விசுவாசத்துல தொடங்கி ஒண்ணோட ஒண்ணு சேத்து அன்புல போய் முடியும். இச்சையடக்கம் எனக்கு எளிதா வந்துட்டு, எழுபது வயசுக்கு மேல அதுல என் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல. பொறுமையும் ஓரளவு வந்துச்சு, காது கேக்காம போனதுலருந்து. அதையும் தாண்டி சகோதர சிநேகம்னு ஒண்ணு வச்சிருக்காரு பாரு, அங்கதான் என் வண்டி அச்சு முறிஞ்சு கிடக்கு. உங்க சின்னத் தாத்தாவுக்கும் எனக்கும் வரப்புல நின்ன ஒத்தைப் பனைக்காகப் பேச்சு நின்னு இருபத்திரெண்டு வருஷம். அந்தப் பனை இடி விழுந்து பட்டே போச்சு. நாங்க ரெண்டு பேரும் இன்னும் பச்சையாத்தான் நிக்கோம். திருவிருந்துக்கு அவன் வலப்பக்கம் முழங்கால் போட்டா, நான் இடப்பக்கம்.

இருட்டிட்டு, நீ கிளம்பு. அந்தப் பானையில ஓலைக்கொட்டான்ல கருப்பட்டி இருக்கு, எடு. சின்னத் தாத்தா வீட்டு வழியாத்தானே போவே? திண்ணையில வச்சிட்டு வந்துரு. யாரு தந்தான்னு கேட்டா சொல்லாத.

ஏலே, நில்லு. கேட்டா, சொல்லிரு.