பின்பலகைச் சிந்தனையாளர்

வட அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டிய மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா ஆகிய மாநிலங்களின் சிற்றூர்களில், காற்றிறங்கிய சக்கரங்களோடு வீட்டுக்குப் பக்கவாட்டில் நிற்கும் இழுவண்டியின் மேல், நீலத் தார்ப்பாய் போர்த்திய பதினாறடி ஃபைபர் கிளாஸ் படகு ஒன்று எங்கே தென்படுகிறதோ, அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காப்பிக் குவளையுடன் வந்து, தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மீண்டும் மூடிவைத்துச் செல்லும் ஒருவரையும் காணலாம். அவருடைய படகு தண்ணீரைக் காணாததால் அவரைப் படகோட்டி என்று வகைப்படுத்த இயலாது. மரத்தில் கைவைக்காததால் தச்சர் என்றும் சொல்வதற்கில்லை. படகு இலவசமாக வந்து சேர்ந்ததால் அதை வாங்கியவர் என்று கூறுவதும் பிழையே. பழுதுபார்ப்பதா, தூக்கிப்போடுவதா என்ற ஒரே கேள்வியைப் பல கோடைகளாக ஆராய்ந்துவரும் இவ்வகையினரைப் பின்பலகைச் சிந்தனையாளர் என்று அழைப்பதே பொருந்தும்.

பின்பலகை என்பது படகின் பின்பக்கத்தை மூடி, எஞ்சினைத் தாங்கி நிற்கும் சுவர். ஃபைபர் கிளாஸ் படகில் பலகைக்கு என்ன வேலை என்ற ஐயம் எழுவது இயல்பே. கண்ணாடி இழைத் துணியைப் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து அச்சில் படியவைத்துப் படகு வார்க்கும் முறை, 1942-ஆம் ஆண்டில் ஓஹையோ மாநிலத்து டொலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் சிறு பாய்மரப் படகு ஒன்றைச் செய்ததிலிருந்து வளர்ந்து, அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அமெரிக்க ஏரிகளை நிறைத்துவிட்டது. இப்படி வார்த்த ஓடு மெல்லியது, வளையக்கூடியது; அதற்கு விறைப்புத் தருவதற்காகப் பின்பலகையின் நடுவிலும், அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளிலும், அவற்றின் மேல் பரப்பிய தரையிலும் பிளைவுட்டையோ சாதாரண மரத்தையோ வைத்து, மேலே ரெசின் பூசி மூடினர். மூடிய மரம் நனையாது என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் எஞ்சினை இறுக்கும் போல்ட்டுகளுக்கும், வடிகால் குழாய்க்கும், ஆழங்காட்டிக் கருவிக்கும் இட்ட துளைகள் வழியாகத் தண்ணீர் சொட்டுச்சொட்டாக உள்ளே போயிற்று. போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போயிற்று. மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது, முப்பதை நெருங்கினால் விருந்து வைத்தாற்போல் வளரும் என்பதால், வெளியே பளபளவென்று இருக்கும் படகு உள்ளே சத்தமின்றி மக்கிவிடுகிறது. சிந்தனையாளர் ஆண்டு முழுவதும் இறுக்கிக் கட்டிவைக்கும் தார்ப்பாயும் காற்றோட்டத்தைத் தடுத்து இந்தப் பணிக்குத் தன்னாலான உதவியைச் செய்கிறது என்பது அவர் மட்டும் அறியாத செய்தி.

படகு அவரிடம் வந்து சேரும் விதத்தைத் தமிழ்ப் பழமொழி ஒன்று முன்கூட்டியே கூறிவிட்டது: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மைத்துனரோ, பணி ஓய்வு பெற்று வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் அண்டை வீட்டாரோ, "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்கிறார். அச்சொற்களில் தொனிக்கும் நிம்மதியைக் கவனிக்காமல் சிந்தனையாளர் எடுத்துக்கொண்டு வருகிறார். வந்ததும் அவர் செய்யும் முதற்பணி ஆவண ஆராய்ச்சி. 1972 நவம்பர் முதல் நாளுக்குப் பின் செய்யப்பட்ட அமெரிக்கப் படகுகளில் பின்பலகையின் வலப்புறத்தில் 12 எழுத்தெண்கள் கொண்ட அடையாளக் குறியீடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரையும் கடைசி நான்கு காலத்தையும் குறிக்கும். பழைய கல்வெட்டைப் படிப்பவருக்குரிய பக்தியோடு அவர் அந்தக் குறியீட்டைத் துடைத்துப் படித்து, படகின் பிறந்த மாதத்தைக் கண்டறிந்து, வீட்டாருக்கு அறிவிக்கிறார். குறியீடு பொறித்த அதே பலகை கட்டைவிரலால் அழுத்தினால் குழைகிறது என்பதை அன்று அவர் அறிவிப்பதில்லை.

அடுத்தது நோய் கண்டறிதல். மரம் நலமாக இருக்கிறதா என்பதை அறிய ஐயத்துக்கு இடமில்லாத வழி ஒன்று உண்டு: பின்பலகையின் உட்பக்கத்தில், அடியோரமாக, சிறு துளையிட்டு வெளிவரும் தூளைப் பார்ப்பது. பத்து நிமிட வேலை. ஆகவே சிந்தனையாளர் இதைத் தவிர மற்ற அனைத்தையும் செய்கிறார். ஸ்குரூடிரைவரின் பிடியால் பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டி, கணீரென்ற ஒலி நல்ல மரத்துக்கும் மொத்தென்ற ஒலி கெட்ட மரத்துக்கும் உரியது என்ற விதியின்படி காதைச் சாய்த்துக் கேட்கிறார். மிருதங்க வித்துவான் சுருதி சேர்க்கும்போதுகூட இவ்வளவு முகபாவம் காட்டுவதில்லை. எஞ்சினின் கீழ்ப்பகுதியில் ஏறி நின்று பின்பலகை அசைகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. அசைந்தால், அசைவது பலகையா இழுவண்டியா என்ற புதிய ஆய்வு தொடங்கிவிடும். தரையில் ஒட்டிய கம்பளத்தின் மூலையில், காற்றில் பறந்துவந்த விதையிலிருந்து முளைத்த மேப்பிள் கன்று ஆறு இலைகளோடு நிற்பதையும், அதன் வேர் கம்பளத்தைத் துளைத்துக் கீழேயுள்ள பிளைவுட்டுக்குள் வசதியாக இறங்கியிருப்பதையும் கண்ட பிறகும், "சில இடங்களில் மென்மை காணப்படுகிறது" என்பதற்கு மேல் தீர்ப்பு கூறாத நிதானம் இவ்வகையினரின் தனிச்சிறப்பு.

கோட்பாட்டு அளவில் அவருடைய அறிவு வியக்கத்தக்கது. பழுதுபார்ப்பில் பாலியெஸ்டர் ரெசினா, எபாக்சியா என்பது சைவ வைணவ வாதத்துக்கு இணையான பழைய வழக்கு. முதலாவது விலை மலிவு, படகு பிறந்ததும் அதிலேதான். இரண்டாவது விலை கூடியது, ஆனால் மரத்தோடு மிக உறுதியாகப் பிணைவது. மிச்சிகனின் பே சிட்டியில் கூஜன் சகோதரர்கள் எபாக்சியை மரப்படகு கட்டுமானத்துக்குக் கொண்டுவந்த வரலாறு வரை அவர் விளக்குவார். எந்தக் கட்சி என்று கேட்டால் மட்டும் வானத்தைப் பார்ப்பார். செலவுக் கணக்கிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. அதன்படி, தம் உழைப்புக்கு விலையில்லை. வாங்கப்போகும் கருவிகள் வீட்டுக்கு எப்படியும் தேவையானவை. எஞ்சின் ஓடும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் கழித்த பின்னரும் கிடைக்கும் தொகை, ஓடுகிற நிலையில் உள்ள அதே வயதுப் படகின் விலையைவிடக் கூடுதலாக இருந்தால், கணக்கை மீண்டும் போட வேண்டும்.

பருவங்களும் அவர் பக்கமே நிற்கின்றன. பாலியெஸ்டர் ரெசின் ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக இறுகாது என்பதால் அந்த ஊர்களின் நீண்ட குளிர்காலத்தில் வேலை செய்ய இயலாது. வசந்தத்தில் மழை, ஈர மரத்தின் மேல் ரெசின் ஒட்டாது. கடுங்கோடையில் கலந்த ரெசின் குவளையிலேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும்; மேலும் கோடை என்பது ஏரிக்குப் போக வேண்டிய காலம், பழுதுபார்க்கும் காலம் அன்று. இலையுதிர்காலத்தில் மான் வேட்டை. ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் இவ்வாறு அறிவியல் முறைப்படி கழித்துவிடும் திறமையின் முன் எந்தப் பஞ்சாங்கக் கணிதரும் தலைவணங்க வேண்டும். வீட்டம்மா வேறெதுவும் கேட்பதில்லை, "இந்தக் கோடையிலா?" என்று மட்டும் கேட்கிறார். அதற்கு விடையாக அவர் தார்ப்பாயை மாற்றுகிறார்.

அரிதாக, இவ்வகையினருள் ஒருவர் துணிந்து தரையை அறுத்துவிடுவதும் உண்டு. கிணறு வெட்டப் பூதம் புறப்படும் கட்டம் இதுவே. தரைக்குக் கீழே, படகு கவிழ்ந்தாலும் மிதப்பதற்காக ஊற்றிய நுரை, ஆண்டுக்கணக்கில் தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடக்கும். ஒரு கன அடித் தண்ணீரின் எடை 28 கிலோ என்பதை நினைத்தால், கொண்டுவந்த அன்று படகு ஏற்றிய இழுவண்டி ஏன் எருமைபோல் நகர்ந்தது என்பது விளங்கும். நுரையை மண்வெட்டியால் வெட்டி எடுத்தால் அதனடியில் தாங்குகட்டை இருந்த இடத்தில், காப்பிப்பொடி நிறத்தில் ஈரச்சக்கை. பழைய ஃபைபரைச் சுரண்டக் கிரைண்டரை ஓட்டினால் கண்ணாடித் தூள் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் புகுந்து, இரண்டு நாள் அரிக்கும். இதற்குள், ஓட்டுக்குச் சரியாக முட்டுக்கொடுக்காமல் கட்டைகளை எடுத்துவிட்டதால் படகின் அடி சற்றே தொய்ந்து, இனி ஓடினாலும் நேராக ஓடாது என்ற நிலை பிறக்கிறது. அவர் மீண்டும் சிந்தனைக்குத் திரும்புகிறார், இம்முறை காரணத்தோடு.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகு பெருகிய தமிழகக் கடற்கரையில் இப்படிப்பட்டவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். அங்கே படகு சோறு போடும் பொருள். பலகை இற்றால் ரெசினும் இழைப்பாயுமாக ஆள் வந்து ஒட்டுவார், முடியாவிட்டால் வேறு படகுக்கு வழிதேட வேண்டும். சிந்திப்பதற்கு மாதச்சம்பளம் வேண்டும்.

தூக்கிப்போடுவதும் எளிதன்று என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்லியாக வேண்டும். இறுகிய ஃபைபரை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அறுத்துக் குப்பைமேட்டுக்கு எடுத்துச்செல்லக் கட்டணம் உண்டு. பழைய உல்லாசப் படகுகளைத் திரட்டிக் கழிக்க ஒரு நாடு தழுவிய ஏற்பாட்டைப் பிரான்சு 2019-இல் தொடங்கியது. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் உள்ள ஏற்பாடு, "இலவசம்" என்று எழுதிய அட்டையைப் படகில் சாய்த்து வைப்பதே. அட்டையைப் படித்துவிட்டு வண்டியை நிறுத்துபவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்பலகை மட்டும் போயிருந்து, தரையும் தாங்குகட்டைகளும் உறுதியாக இருந்தால் பழுதுபார்ப்பது தகும். மூன்றும் போயிருந்தால், 1961-இல் லைஃப் இதழ்ப் படங்களில் நட்டநடுவே அறுபட்ட பின்னும் மிதந்து புகழ்பெற்ற பாஸ்டன் வேலர் போல விரும்பி வாங்க ஆளுள்ள படகாக இருந்தாலன்றி, கைவிடுவதே கணக்குக்கு ஒத்தது. இலவசப் படகு தேடிவரும் வாசகர், ஏற்றிக்கொண்டு போகும் முன் துளையிட அனுமதி கேட்க வேண்டும். தூள் வெளிர்நிறமாக, உலர்ந்து வந்தால் படகை எடுத்துக்கொள்ளலாம். கறுத்து, ஈரமாக வந்தால் நன்றி கூறிவிட்டுத் திரும்பலாம். இட்ட துளையை அன்றே எபாக்சியால் அடைத்துவிட வேண்டும். விட்டால், நல்ல பலகையும் அந்தத் துளை வழியாகவே கெடும்.