மேலதிக உறுப்புகளின் மெய்ப்பொருள்: பெரியமடுச் சந்தியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆடம்பரக் கார் வாங்கப் போகிறவர் காரின் விலையைக் கொடுத்துவிட்டுக் காரோடு வீடு திரும்பிவிட முடியாது. காரின் விலை பேச்சின் தொடக்கம் மட்டுமே. அதற்குப் பிறகுதான் பட்டியல் வரும். போர்ஷே நிறுவனத்திடம் கேட்டால், குளிர்காற்று வரும் துவாரத்தின் சின்னஞ்சிறு தகடுகளுக்குத் தோலுறை தைத்துத் தருவார்கள். காரின் நிறத்திலேயே சாவிக்கும் வர்ணம் பூசித் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. இந்தக் காசுக்கு இந்தச் சாமான் தகுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வு வினா.

இவ்வினாவை இதற்கு முன் ஆராய்ந்தவர்கள் ஆடம்பரக் கார் வைத்திருப்பவர்கள், விற்பவர்கள், அல்லது வாங்க ஏங்குபவர்கள். மூன்று சாராரும் பக்கச்சார்புடையோர். ஆகவே ஆடம்பரக் கார் அறவே வசிக்காத ஓரிடத்தைக் களமாகக் கொள்வதே அறிவியல் நேர்மை என்று தோன்றிற்று. மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பக்கம், மாந்தை மேற்குப் பிரிவில் இருக்கும் பெரியமடு இதற்கு எல்லா வகையிலும் பொருந்திற்று. வயல் உண்டு, குளம் உண்டு, காடு உண்டு, காட்டிலிருந்து தெருவுக்கு வந்து நின்று யோசிக்கும் மாடுகள் உண்டு. தேர்தல் வந்தால் ஒன்றிரண்டு பளபளப்பான ஜீப்புகள் புழுதி கிளப்பிப் போகும். அவை வலசைப் பறவைகள் என்பதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

ஆடம்பரக் காருக்குப் பதிலாக இங்கே ஓட்டோவை எடுத்துக்கொண்டேன். இரண்டையும் ஒப்பிடலாமா என்று ஐயுறுவோருக்கு: இரண்டிலும் உரிமையாளர் லீசிங் கட்டுகிறார். இரண்டிலும் பின்னால் இருப்பவருக்கே மரியாதை. இரண்டிலும் அடிப்படை வண்டி ஊரெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதால், தன்னுடையது வேறு என்று காட்ட மேலதிகச் சாமானை நம்ப வேண்டியிருக்கிறது. இலங்கையில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கு மேல், பெரும்பாலானவை பஜாஜ். அந்தக் கூட்டத்தில் ஒருவன் தன் வண்டியை அடையாளம் காண்பதற்காகவாவது ஒரு ஸ்ரிக்கர் ஒட்டத்தான் வேண்டும். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட் தன் மொடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றார். நம் துறையின் இருண்ட காலம் அதுதான் என்று மேலோட்டமாக நினைக்கத் தோன்றும். ஆனால் அதே காலத்தில்தான் அந்தக் காரில் பூட்டும் மேலதிகச் சாமான்களின் வியாபாரம் அங்கே கொழித்தது. ஒரே மாதிரியானவை பெருகப் பெருக, பூட்டுவதற்குச் சாமான் தேடும் கைகளும் பெருகும்.

தலைமைத் தகவலாளர்

சந்தியில் ஓட்டோ ஓடும் நானா ஒருவரே இவ்வாய்வின் தலைமைத் தகவலாளர். ஆய்வு நெறி கருதி அவர் பெயரைத் தவிர்க்கிறேன். வண்டியின் பின்புறத்தில் அது இரண்டடி நீளத்தில் எழுதப்பட்டிருப்பதால் பெரியமடுவைப் பொறுத்தவரை இந்தத் தவிர்ப்பால் பயனொன்றும் இல்லை.

அவருடையது அவர் வாக்கில் "ஃபுல் ஒப்ஷன்". முன்கண்ணாடிக்கு மேலே நீல நிறத்தில் ஓடும் எல்.ஈ.டி. பட்டி. அலோய் வீல். இருபுறமும் கண்ணாடிகள்; ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று பார்ப்பதற்கு, மிச்சம் பார்க்கப்படுவதற்கு. பின்னால் ஸ்பீக்கர்கள், அவற்றுக்கு நடுவே பஃபர் பெட்டி. சீற்றுக்குச் சிவப்பு றெக்சின், அதன்மேல் வைர வடிவத் தையல். இந்தத் தையலைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பென்ட்லி கார்களில் முல்லினர் என்ற அவர்களின் தனிப் பிரிவு செய்து தரும் மேலதிக வேலைப்பாடு இதே வைரத் தையல்தான். அங்கே தோல், இங்கே றெக்சின். இருக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று சோதிக்க ஒரு பென்ட்லியும் தேவைப்பட்டதால் அச்சோதனை ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

"இவ்வளவும் எதுக்கு நானா?"

"சனம் பாக்கத்தான் மாஸ்டர். நான் முன்னுக்கு இருக்கிறன், எனக்கு இதில ஒண்டும் தெரியாதே."

1899இல் தோர்ஸ்டீன் வெப்லன் பகட்டு நுகர்வு பற்றி ஒரு முழு நூல் எழுதினார். நானா அதைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். அவர் வாக்கிலிருந்தே இக்கட்டுரையின் மைய விதி பிறந்தது: மேலதிகச் சாமானுக்குக் காசு கொடுப்பவருக்கும் அதை அனுபவிப்பவருக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவோ, அவ்வளவே அதன் ஆடம்பரம். பின்புற ஸ்ரிக்கரைப் படிப்பவன் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரன். பஃபரின் உதறலை முதலில் வாங்கிக்கொள்பவை சந்திக் கடையின் கிளாசுகள். போர்ஷேயின் தோலுறைத் தகடோ இவ்விதியின் உச்சம். அதை அனுபவிப்பவர் எவருமே இல்லை. தோலுக்கு ஊடாக வந்ததா பிளாஸ்டிக்குக்கு ஊடாக வந்ததா என்பது காற்றுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

வெப்பமும் விண்மீனும்

2022இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சில நாடுகளில் ஒரு புதுமை செய்தது. இருக்கையைச் சூடாக்கும் கம்பி காரிலேயே பூட்டப்பட்டிருக்கும். ஆனால் அது வேலை செய்ய மாதச் சந்தா கட்ட வேண்டும். பிரித்தானியாவில் மாதம் 15 பவுண். தன் காரில், தன் இருக்கைக்குள் இருக்கும் கம்பிக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பதா என்று சனம் கொதித்ததில், அடுத்த ஆண்டே அத்திட்டத்தைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது.

பெரியமடுவில் இந்த வசதி எல்லா வண்டிகளுக்கும் இலவசம். சோழகம் வீசும் காலத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் நிற்கும் ஓட்டோவின் றெக்சின் சீற்றில் யாரும் இருந்து பார்க்கலாம். சந்தா இல்லை, பொத்தான் இல்லை. நிறுத்தும் வசதி மட்டும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நானா அதற்கென்று ஒரு துவாயை மடித்து வைத்திருக்கிறார். என் கணிப்பில் அந்த வண்டியில் உள்ள மேலதிக உறுப்புகளுள் மிகச் சிறந்தது அந்தத் துவாய்தான். பட்டியலில் அதை அவர் சொல்லவே இல்லை.

ரோல்ஸ் ரோய்ஸ் காரின் உட்கூரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒளியிழைகளைக் கையால் ஒவ்வொன்றாகச் செருகி நட்சத்திர வானம் அமைத்துத் தருகிறார்கள். கேட்பவர்களுக்கு எரிநட்சத்திரமும் விழுத்திக் காட்டுவார்கள். வாங்கியவர் பிறந்த இரவில் வானம் எப்படி இருந்ததோ அப்படியே செருகச் சொல்லியும் கேட்கலாம். கூரைக்கு மேலே அசல் வானம் இருக்கிறதே என்று பெரியமடுக்காரர் கேட்பார். வெளிச்சம் குறைந்த ஊர் என்பதால் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆயினும் ஒரு நீதி சொல்ல வேண்டும். ரோல்ஸ் ரோய்ஸில் காசு கொடுத்தவர் பின்னால் சாய்ந்திருந்து அந்த வானத்தைத் தானே பார்க்கிறார். அந்த வகையில் நானாவின் நீலப் பட்டியை விட அது சுயநலமான, ஆகவே கூடுதல் அறிவுள்ள செலவு.

இன்னொன்று, மின்சாரம். ஓட்டோவின் பற்றரி சிறியது. எஞ்சின் சும்மா நிற்கும்போது பட்டியும் பஃபரும் சேர்ந்து அதை உறிஞ்சினால், ஹயர் வந்து கிளம்பும் நேரத்தில் வண்டி கிளம்பாது. இலங்கையில் கார் விற்பனை விளம்பரங்களில் "புஷ் ஸ்டார்ட்" என்று பெருமையாகப் போடுவார்கள். நானாவின் வண்டியிலும் அது உண்டு, தள்ளுவது பயணிகள்.

வரியும் கடதாசியும்

பொருளியலுக்கு வருவோம். இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. திறந்தபோது ஆடம்பர வரியும் கூடவே வந்து நின்றது. பெற்றோல் காரென்றால் கப்பற் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதி 50 இலட்சம் ரூபாயைத் தாண்டும்போது, தாண்டிய பகுதிக்கு அந்த வரி. இதை நம் துறைசார் கண்ணோடு பார்க்க வேண்டும். கார் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்டதென்றால், மேலதிகமாகக் கேட்ட ஒவ்வொரு சாமானும் முழுக்க முழுக்கத் தாண்டிய பகுதியில்தான் போய் விழும். தோலுறைத் தகட்டுக்குத் தோலின் விலை, தையற்கூலி, கப்பற் கூலி, சுங்கம், அதற்கு மேல் ஆடம்பர வரி. கொழும்பில் வந்து இறங்கும்போது அந்த மாடு உயிரோடு இருந்த காலத்தை விடப் பல மடங்கு பெறுமதி பெற்றிருக்கும்.

இறக்குமதி நின்ற அந்த ஆண்டுகளில் பழைய வாகனங்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்கப்பட்டன. ஓட்டோவும் அப்படித்தான். இங்கேதான் ஆய்வுக்கு அருமையான வாய்ப்புக் கிடைத்தது: விலை ஏறியது வண்டிக்கா, சோடனைக்கா? வாங்க வந்தவர்கள் கேட்டவை எஞ்சின், ரயர், புத்தகம், லீசிங் முடிந்துவிட்டதா என்பவை. பஃபரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்கிறார் நானா. கழற்றித் தனியாக விற்கலாமென்றால், பூட்டிய இடமெல்லாம் ஓட்டை. ஆடம்பரக் காருக்கும் கதை இதுவே. இரண்டாம் கையாக வாங்க வருபவர் முதற் சொந்தக்காரரின் ரசனைக்குக் காசு கொடுக்க வருவதில்லை.

இலங்கை வாகன வரலாற்றிலேயே விலைமதிப்பு மிக்க மேலதிக உறுப்பு எதுவென்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, 2022 யூலையில் வந்த தேசிய எரிபொருள் அனுமதியின் கியூ.ஆர். கடதாசி. முச்சக்கர வண்டிக்கு ஆரம்பத்தில் வாரம் 5 லீற்றர். அந்தக் கடதாசி இல்லாத ரோல்ஸ் ரோய்ஸ் அன்று ஒரு நகராத அலுமாரி. நம் நானா அதை லமினேற் பண்ணி, நீலப் பட்டிக்குக் கீழே, படம் மாட்டும் பயபக்தியோடு ஒட்டி வைத்திருந்தார்.

அவருடைய வாப்பாவிடம் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது போய், புத்தளத்தில் இருந்து, போர் முடிந்தபின் காடேறிக் கிடந்த வளவுக்குத் திரும்பி வந்தவர்களுள் அவரும் ஒருவர். "நாங்க போகக்குள்ள எதை எடுக்கிறது எதை விடுகிறதெண்டு ஒரு பட்டியல் போட்டம் தம்பி. அதில வேணாமெண்டு விட்டது எல்லாம் நல்ல சாமான்" என்றார். எந்தப் பிரிவில் இதைச் சேர்ப்பதென்று தெரியாமல் இங்கேயே வைக்கிறேன்.

அரசின் வகைப்பாடு

2025 சனவரியில் "க்ளீன் ஸ்ரீலங்கா" திட்டம் தொடங்கியபோது பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த அனுமதியற்ற மேலதிகச் சாமான்களைக் கழற்றும் வேலையில் பொலிசார் இறங்கினார்கள். சங்கங்கள் எதிர்த்தன. இந்தத் துறையில் அரசு மேற்கொண்ட ஆகப்பெரிய கள ஆய்வு அது. ஆனால் அதன் வகைப்பாடு ஆபத்தானது, ஆபத்தில்லாதது என்ற இரண்டோடு நின்றுவிட்டது. கண்ணைப் பறிக்கும் விளக்கும் கூரான கம்பியும் போக வேண்டியவைதான். அதில் எனக்கு மறுப்பில்லை. வீண், வீணிலும் வீண், வீண் போலத் தோன்றி மழைக்கு உதவுவது என்ற நுணுக்கமான படிநிலைகளை அவர்கள் கவனிக்கவில்லை என்பதே என் விமர்சனம். மூன்றாவதற்கு எடுத்துக்காட்டு, பக்கவாட்டில் சுருட்டிக் கட்டியிருக்கும் தடித்த பிளாஸ்டிக் திரை. ஐப்பசியில் வாடை மழை பக்கவாட்டாக அடிக்கும்போது, விடத்தல்தீவிலிருந்து பெரியமடுவுக்குத் திரையில்லாத ஓட்டோவில் வந்தவர் அதன் விலை என்னவென்று கேட்கமாட்டார். எங்கே வாங்கலாம் என்றுதான் கேட்பார். ஆனால் எந்தக் கல்யாண வீட்டு வாசலிலும் அந்தத் திரையைப் படம் பிடித்தவர் இல்லை.

கடைசியாக, சத்தம். 2017இல் வந்த ரோல்ஸ் ரோய்ஸ் ஃபான்டத்தில் ஒலியைத் தடுப்பதற்கென்றே 130 கிலோவுக்கு மேல் பொருள் அடைத்திருக்கிறார்கள். பெரிய பணக்காரர் காசு கொடுப்பது சத்தம் கேளாமல் இருப்பதற்கு. அந்தப் பாரத்தில் இரண்டு பயணிகளை ஏற்றலாமே என்று நானா உடனே கணக்குப் பார்த்தார். அவருடைய வண்டியில் நாங்கள் மடு வீதிப் பக்கம் போனபோது, பேட்டியைப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால் பாட்டுச் செட்டை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன். இறங்கும்போது வழமையான கூலியைவிட நூறு ரூபாய் கூடச் சொன்னார்.

"செட் போட்டதுக்கோ நானா?"

"சே, செட் ஃப்ரீ மாஸ்டர். நிப்பாட்டினதுக்கு."

130 கிலோவோடு ஒப்பிட்டுப் பார்த்து, மலிவு என்று கண்டு, கொடுத்துவிட்டேன்.