எட்டிக்கெட்டும் டிக்கெட்டும்: ஓர் உட்கார்வியல் ஆய்வு

எட்டிக்கெட் என்பது கொஞ்சம் பந்தாவான சொல். சூப்பை உறிஞ்சலாமா, முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்ற பேச்சு வரும்போது மட்டும் தலைகாட்டும். ஆனால் குலம் கோத்திரம் விசாரித்தால், அது பஸ் கண்டக்டர் கிழித்துத் தரும் டிக்கெட்டின் உடன்பிறப்பு.

பிரெஞ்சில் எத்திகெத் என்றால் முதலில் ஒட்டிவைத்த துண்டுச்சீட்டுதான். இன்றும் பாரிஸ் கடைகளில் விலைச்சீட்டுக்கு அதுவே பெயர். ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டில் அதை வாங்கி, தலையெழுத்தை வெட்டி டிக்கெட் ஆக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில், ஏற்கெனவே வாங்கிய சரக்கென்று அறியாதவர்கள்போல, அதையே அரண்மனை முறைமை என்ற பொருளில் மறுபடி இறக்குமதி செய்தார்கள்.

டிக்கெட் என்றால் அடுத்த கேள்வி 'உட்கார இடம் உண்டா?' என்பதுதானே. வெர்சாய் அரண்மனையிலும் அதுவே கேள்வி. பதினான்காம் லூயி காலத்தில் கை வைத்த நாற்காலி, சாய்மானம் மட்டும் உள்ள நாற்காலி, வெறும் ஸ்டூல் என ஆசனத்தில் படிநிலை இருந்தது. ராணியின் முன் மற்ற சீமாட்டிகள் கால் கடுக்க நிற்க, டியூக்கின் மனைவிக்கு ஸ்டூல் கிடைக்கும். மெத்தை வைத்த சின்ன ஸ்டூல்தான். அதற்குத்தான் அத்தனை அடிதடி. லூயி சிறுவனாக இருந்த 1649இல், அவன் தாய் ஆன் ராணி புதிதாகச் சிலருக்கு ஸ்டூல் உரிமை தரப்போக, பிரபுக்கள் பாரிஸில் கூட்டம் போட்டுக் கொதித்தார்கள். ராணி உத்தரவை வாபஸ் வாங்கினார்.

ஸ்பெயின் இன்னும் கறார். மூன்றாம் பிலிப் மன்னர் பக்கத்துக் கணப்பின் வெக்கையில் வெந்துகொண்டிருந்தாராம். அதை நகர்த்தும் உரிமையுள்ள பிரபு அரண்மனையில் இல்லை. பிறர் கை வைத்தால் முறைகேடு. 1621இல் மன்னர் டிக்கெட் வாங்கிவிட்டார். கணப்புக் கதையைச் சரித்திரக்காரர்கள் நம்புவதில்லை. ஆனாலும் சொற்பிறப்பியலுக்கு இவ்வளவு தோதான கதையை விட மனம் வருமா?

வெர்சாயில் ஸ்டூல் உரிமை பெற்றவர்களுக்கு 'உட்கார்ந்த பெண்கள்' என்றே பெயர். ஆசனமே ஆளாகிவிட்டது. தமிழ்நாட்டுக் கண்டக்டர் "ரெண்டு டிக்கெட் இறங்குது" என்பதும் அதே இலக்கணம்தான். வேறுபாடு ஒன்று: இங்கே டிக்கெட் வாங்கியவருக்கு ஆசனம் நிச்சயமில்லை. அந்த உரிமையை வழங்குவது ஜன்னல் வழியே சீட்டில் போடும் துண்டு. யாரும் அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்காருவதில்லை. உட்கார்ந்தால் பஸ்ஸுக்குள் 1649தான்.