கூட்டுக்குப் பட்டா கேட்டு ஒரு மனு

அனுப்புநர்: கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு ஜோடி செம்பருந்துகள் சார்பாக, மனு எழுதுபவன், ரிஷிவந்தியம்.

பெறுநர்: மரம் வெட்ட அனுமதி வழங்கும் மாவட்டப் பசுமைக் குழு அவர்கள், கள்ளக்குறிச்சி.

பொருள்: ஏரிக்கரைச் சாலையோர மரத்தில் நெடுநாள் குடியிருப்பு – பட்டா கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

மேற்படி மனுதாரர்களை ஊரில் கருடன் என்பார்கள். ஆணும் பெண்ணுமாகச் சுள்ளி பொறுக்கிக் கட்டிய வீடு. பருவம் வந்தால் அதே பக்கத்துக்கே திரும்பி வருகிறார்கள். மின் இணைப்பு கேட்டதில்லை. தொகுப்பு வீட்டுப் பட்டியலில் பேர் சேர்க்கச் சொன்னதில்லை. ஏரி மீனும் வயல் எலியும் அவர்கள் பாடு. மரம் எந்தச் சாலையில், எத்தனையாவது என்பதை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் சுண்ணாம்பு அடித்து எண் போட வசதியாகிவிடும்.

சட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தங்கமானது. வேட்டை என்றால் என்ன என்று அது விளக்கும் இடத்தில், கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது ஆகியவற்றோடு பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் சேர்ந்தே வருகின்றன. முதல் அட்டவணைப் பறவை என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 2022இல் செய்த திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் கிடந்த காகத்துக்கே விடுதலை கிடைத்தது. விடுதலை நாள் 2023 ஏப்ரல் 1. தேதியை நான் குறிக்கவில்லை.

சிக்கல் மரத்தில்தான் இருக்கிறது. கூட்டைச் சட்டம் காக்கிறது; கூட்டைத் தாங்கும் கிளை வேறொரு கோப்பில் இருக்கிறது. ஒரு பையன் மேலே ஏறிக் கொம்பால் கூட்டைக் கலைத்தால் அவன் வேட்டைக்காரன். மரத்தை அடியோடு அறுத்தால் அதற்குப் பெயர் சாலை விரிவாக்கம். 2022 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் வி.கே.படியில் தேசிய நெடுஞ்சாலை 66க்காக ஒரு மரத்தைச் சாய்த்தார்கள். கூடுகளோடு குஞ்சுகளும் தரையில் விழுந்து செத்தன. யாரோ ஒருவர் செல்போனில் படம் பிடித்திருந்தார். படம் ஊரெல்லாம் பரவிய பிறகு வனத்துறை வழக்குப் போட்டது. ஆகவே கூடு கட்டும்போதே, எதிரே செல்போனோடு ஆள் நிற்கும் இடமாகப் பார்த்துக் கட்டும்படி மனுதாரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறேன்.

நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். போகலாம். வனத்துறை வழக்குப் போடாவிட்டால் என்னைப் போன்ற சாமானியனும் புகார் கொடுக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. முன்னதாக 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். செம்பருந்து முட்டை பொரியவே 26, 27 நாள். குஞ்சு இறக்கை முளைத்துக் கிளம்ப இன்னும் ஐம்பது நாளாவது ஆகும். முட்டையிட்ட அன்றே நோட்டீஸ் அனுப்பினாலும், அவகாசம் முடிகிற அன்று குஞ்சு கூட்டில்தான் உட்கார்ந்திருக்கும், கூடு இருந்தால். மெஷின் ரம்பத்துக்கு நோட்டீஸ் காலம் உண்டா என்று தெரிந்துகொள்ள ஆவல்.

குஞ்சு பறந்துவிட்டால் இன்னும் மோசம். காலிக் கூடு வெறும் சுள்ளிதானே? இங்கிலாந்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், பிற்பாடு வந்த ஒரு திருத்தத்தின்படி, பொன்னாங்கழுகு, வெண்வால் கடற்கழுகு, விராலடிப்பான் ஆகிய மூன்றின் கூட்டுக்கும் ஆண்டு முழுவதும் காவல் கொடுக்கிறது. ஆள் இல்லாத வீடானாலும் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை. நம் ஊரில் வெளிநாடு போனவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் இடிக்கிறோமா? மனுதாரர்களிடம் பூட்டு இல்லை, அதுதான் குறை.

மனுதாரர்களின் பொதுச்சேவையையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ரிஷிவந்தியத்தில் அர்த்தநாரீஸ்வரர் இருக்கிறார். மணலூர்பேட்டைப் பக்கம் ஆதிதிருவரங்கத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயில் கும்பாபிஷேகமானாலும், கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்ப்பது மனுதாரர்களைத்தான். ஒரு வட்டம் போட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். மறுநாள் பேப்பரில் ‘கருடன் வட்டமிட்டது, பக்தர்கள் பரவசம்’. வராவிட்டால் ஸ்தபதி முதல் குருக்கள் வரை எல்லோர் மேலும் சந்தேகம் வருகிறது. இத்தனைக்கும் படி, பயணச் செலவு ஒன்றும் கேட்டதில்லை. சமீப காலமாக டிரோன் வந்து புனித நீர் தெளிப்பதால் போட்டி கூடியிருக்கிறது என்றாலும், டிரோனைப் பார்த்து இன்னும் யாரும் கோவிந்தா போடவில்லை. அந்த மரியாதை வானத்தில் இருக்கும்வரைதான். திருக்கழுக்குன்றத்தில் தலைமுறை தலைமுறையாக மலைமேல் வந்து சர்க்கரைப் பொங்கல் தின்ற திருக்கழுகுகள் வருவதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. ஊர்ப் பெயர்ப் பலகையில் மட்டும் கழுகு பத்திரமாக இருக்கிறது.

ஆகவே பட்டா தர விதியில் இடமில்லை என்றால், சிறிய உதவி ஒன்று போதும். மரம் வெட்ட வரும் விண்ணப்பத்தில் மரத்தின் இனம், சுற்றளவு, மதிப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ‘மேலே கூடு உண்டா? பார்த்தவர் யார், எந்த மாதம்?’ என்று ஒரு கட்டம் வேண்டும். அப்படியொரு கட்டம் ஏற்கெனவே இருந்தால் இன்னும் கொட்டை எழுத்தில் அச்சடிக்கவும். இருக்கு என்று எழுதினால் அந்த மரத்தைத் தவிர்த்துச் சாலையைக் கொஞ்சம் ஒடித்துப் போடவும். செல்வாக்குள்ளவர் வீட்டு மதில் வந்தால் சாலை எவ்வளவு லாவகமாக வளைகிறது என்பதை நாடே அறியும்.

இணைப்பு: ஆதார் நகல் இல்லை. மனுதாரர்கள் உதிர்த்த இறகு ஒன்றை ஆதாரமாக வைக்க நினைத்தேன். ஆனால் ‘டிராபி’ (வேட்டைச் சின்னம்) என்று சட்டம் போடும் பட்டியலில் இறகும் முட்டையும் கூடும் இருக்கின்றன. மரத்தோடு கூட்டைச் சாய்ப்பவரை விட்டுவிட்டு, இறகை உறையில் வைத்த என்னைப் பிடித்துவிடுவீர்களோ என்ற பயத்தில் இணைக்கவில்லை. நேராய்வுக்கு வரும் தேதியைச் சொன்னால் மரத்தடிக்குக் கூட்டிப்போகிறேன். ஜீப்பை ஏரிக்கரையிலேயே நிறுத்திவிடுங்கள், மனுதாரர் இப்போது அடைகாத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்,
ரிஷிவந்தியம்.