பதினெட்டு–நானூறு மாமா

வடக்கனந்தல் பக்கத்துக் கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில் போட்டோகிராபரை மணமேடையில் தேடக் கூடாது. பந்திக் கூடத்து வாசலில் தேட வேண்டும். நிலையில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். ஒரு கண் கேமராவில், மறு கண் இலை போடுகிற ஆள் மேல். தாலி கட்டுவதை அங்கிருந்தே எடுத்துவிடுவார். கையில் இருப்பது 18–400 ஜூம் லென்ஸ். மண்டபம் முழுக்க வேண்டுமென்றால் பதினெட்டு, மாப்பிள்ளை நெற்றிப் பட்டத்து முத்து மட்டும் வேண்டுமென்றால் நானூறு. இரண்டுக்கும் நடுவே தேவைப்படுவது மணிக்கட்டில் அரைத் திருப்பு. கால்களுக்கு வேலையே இல்லை. முதல் பந்திக்கு இடமும் போகாது.

இந்தப் போட்டோகிராபர் மாமா கச்சிராயபாளையத்திலும் உண்டு, சின்னசேலத்திலும் உண்டு, சங்கராபுரத்திலும் உண்டு. ஸ்டூடியோவின் பெயர் மாறும், லென்ஸ் மாறாது. வாங்கிய அன்று மாட்டியதுதான். அது கழன்று கேமராவின் உள்பக்கத்தைப் பார்த்தவர் ஊரில் எவரும் இல்லை, அவர் உட்பட.

பிலிம் காலத்திலேயே தொடங்கிய பழக்கம் இது. 1992-ல் டாம்ரான் கம்பெனி 28–200 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே லென்ஸில் குடும்பத்தையும் எடுக்கலாம், கோபுரக் கலசத்தையும் எடுக்கலாம் என்று உலகமே வாங்கியது. மாமாவும் வாங்கினார். அதில் ஒரு சிக்கல்: சுமார் ஏழு அடிக்குள் வந்தவரை அது ஃபோகஸ் செய்யாது. அதனால் மணமக்கள், தாய்மாமன், புரோகிதர் எல்லாரையும் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவர் தொழில் வளர்ந்தது. 2017-ல் வந்த 18–400 ஒன்றரை அடி தூரம் வரை நெருங்க விடும். அந்தச் செய்தி மாமாவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

எதிர்க்கட்சி வேறு யாருமில்லை, அவருடைய அக்கா மகன்தான். சென்னையில் விஸ்காம் படித்துவிட்டு வந்த பையன். முதுகில் ஒரு பை. அதற்குள் முப்பத்தைந்து, ஐம்பது, எண்பத்தைந்து, இருபத்துநாலு–எழுபது, அப்புறம் தனியாகவே ஒன்றரைக் கிலோ வரும் எழுபது–இருநூறு. ஐந்தில் மூன்றுக்கு ஈஎம்ஐ ஓடுகிறது. கேமரா பாடி மட்டும் ஒன்று. இன்னொரு பாடி இருந்தால் ஆளுக்கொரு லென்ஸாக மாட்டிக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம். ஆனால் லென்ஸ் வாங்கிய பிறகு பாடி வாங்கக் காசு ஏது?

"இத்தனை எதுக்கு மாப்ள?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலைக்கு மாமா."

"கல்யாணம் ஒண்ணுதானடா நடக்குது?"

பையனின் சோதனை கெட்டிமேளத்தில் வரும். பாத பூஜைக்கு முப்பத்தைந்தை மாட்டியிருப்பான். புரோகிதர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பியதும், பெண்ணின் முகத்துக்கு எண்பத்தைந்து வேண்டும் என்று அவனுக்குத் தோன்றும். முப்பத்தைந்தைக் கழற்றி அக்குளில் இடுக்குவான். எண்பத்தைந்தின் பின்மூடியைப் பல்லில் கடிப்பான். லென்ஸில் ஒரு புள்ளி, பாடியில் ஒரு புள்ளி. இரண்டையும் நேராக வைத்துத் திருப்ப வேண்டும். அதற்குள் தட்டு திரும்பி வந்துவிடும். தவில்காரர் அவன் முகத்தைப் பார்த்து அடிப்பதில்லை. கெட்டிமேளம்! நாலு பக்கமும் அட்சதை பறக்கிறது. வாய் திறந்து நிற்கிற கேமராவுக்கும் ஆசீர்வாதம் கிடைத்துவிடுகிறது. மூடியைக் கடித்த வாயால் திட்டவும் முடியாது. அந்த மஞ்சள் தூள் சென்சாரில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வாரம் கோமுகி அணைக்கரையில் எடுத்த ப்ரீ-வெட்டிங் படங்களில் ஜோடிக்கு மேலே, வானத்தில் ஒரே இடத்தில், ஒரு கறையாக வந்து நின்றது.

அதே நொடியில் மாமாவிடம் மூன்று முடிச்சும் இருக்கும். நாத்தனார் போட்டதும் சேர்த்து. ஆனால் எப்படி இருக்கும் என்பது வேறு கதை. நானூறுக்கு இழுத்தால் அந்த லென்ஸின் துவாரம் எஃப் 6.3-க்குச் சுருங்கிவிடும். பையனின் எண்பத்தைந்து எஃப் 1.8 வரை திறக்கும். கணக்குப் போட்டால் அதில் வரும் வெளிச்சம் பன்னிரண்டு மடங்கு. விடியற்காலை நாலரை முகூர்த்தம், டியூப் லைட் மண்டபம் என்றால் மாமா ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும், பெண்ணின் கன்னத்தில் ரவை ரவையாகப் புள்ளி விழும். லென்ஸுக்குள் நடுக்கம் தாங்கும் ஏற்பாடு இருப்பது உண்மை. அது எடுப்பவர் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். தாலி கட்டுகிற மாப்பிள்ளையின் கை நடுக்கத்துக்கு அதனிடம் வைத்தியம் இல்லை.

இருந்தும் ஊரில் ஆர்டர் மாமாவுக்குத்தான். காரணம் கண்ணாடியில் இல்லை. நம் பக்கத்தில் கல்யாண ஆல்பம் என்பது வருகைப் பதிவேடு. மொய் நோட்டில் பேர் இருக்கிறவர் ஆல்பத்திலும் இருந்தாக வேண்டும். படம் கொஞ்சம் மங்கல் என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. "தென்கீரனூர் சித்தப்பா ரெண்டாயிரம் எழுதினாரே, அவர் எங்க?" என்று பேச்சு வளர்ந்து பேச்சுவார்த்தை நின்ற குடும்பங்கள் உண்டு. பையன் அந்தச் சித்தப்பாவுக்காக லென்ஸ் மாற்றி முடிக்கும்போது அவர் பஸ் ஏறியிருப்பார். மாமா சித்தப்பாவை வாசலில் ஒரு தடவை, மேடையில் ஒரு தடவை, பாயசத்தில் ஒரு தடவை பிடித்திருப்பார்.

என்னைக் கேட்டால், வேலைக்கு மாமாவைத்தான் கூப்பிடுவேன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருப்பது பையன் எடுத்த படம். பேத்தி போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆயாவின் முகம். பாம்படக் காதுக்குப் பின்னால் மண்டபமே கரைந்து போயிருக்கிறது. மாமாவின் ஆல்பம் அந்த வீட்டு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு இருவரையும் ஒரே பஸ்ஸில் பார்த்தேன். பையன் பையைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தான். மாமாவின் கேமரா கழுத்தில் தொங்கியது. இந்த நெடுஜூம்களுக்கு ஒரு குணம்: பழசாகிவிட்டால் தொங்கும்போது தன் கனத்தில் தானே கீழே நீளும். ஒவ்வொரு வளைவிலும் பஸ் கல்வராயன் மலை ஏறியது, லென்ஸ் இறங்கியது. பெரியார் அருவி தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் முழங்காலைத் தொட்டுவிட்டது. மாமா கூச்சப்படாமல் உள்ளே தள்ளி, ரூபாய்க் கட்டில் போடுகிற ரப்பர் பேண்டை மாட்டினார்.

"அப்படி நீளுறப்பல்லாம் காத்தோட தூசியையும் இழுக்கும் மாமா."

"இழுக்கட்டும். நீ வாயைத் திறந்து ஊட்டுற, இது தானா சாப்பிடுது."

போன தை மாதம் மாமா கடை போர்டில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: 'கேண்டிட் எடுக்கப்படும்'. தனி ரேட். பையனுக்குப் பொறுக்கவில்லை. நேராகக் கடைக்கே போய்விட்டான்.

"மாமா, கேண்டிட்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஏன் தெரியாது? எடுக்கறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. அதான?"

"அதுக்கு கூடவே இருந்து, பழகி, முகம் பாத்து எடுக்கணும்."

"மாப்ள, நீ மூக்குக்கு முன்னால எண்பத்தஞ்சை நீட்டிக்கிட்டு நிக்கிற, பொண்ணு சிரிக்கவே பயப்படுது. நான் பந்தி வாசல்ல இருந்து நானூறுல எடுக்கறேன். எடுக்கறது அவங்களுக்கும் தெரியாது, யாரை எடுக்கறேன்னு எனக்கும் தெரியாது. இதைவிடக் கேண்டிட்டு எங்கடா இருக்கு?"