பூப்பறிக்கிற படிப்பு

அம்மிணி, காலேஜ் லேப்புக்கு இயற்கைச் சாயம் எடுக்கறேன்னு பொடக்காலிச் செம்பருத்தியை மொட்டையடிச்சிட்டயாமா. சாமிக்கு ஒரு பூ மிச்சமில்லை. சாமி பொறுத்துக்கும். ஆனா பறிச்சதையெல்லாம் மொட்டைமாடி வெயில்ல கொட்டி வெச்சிருக்கறயே, அதைப் பூ பொறுத்துக்காது.

வெசையா முடிக்கோணும்னா வெயில்லயே கெடக்கட்டும், பொழுதோட மொறுமொறுன்னு காஞ்சிரும். செவப்பும் காத்தோட போயிரும். அந்தச் செவப்பைக் குடுக்கற ஆந்தோசயனினுக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. நெழல்ல, காத்தோடற எடத்துல பரப்பு. ஓவன்தான் கவுரதைன்னா 40, 45 டிகிரிக்கு மேல திருகாதே. காம்பையும் அடியில இருக்கற பச்சை இதழையும் கிள்ளிப் போடு. இல்லீன்னா ஆல்கஹால்ல பச்சையமும் சேந்து எறங்கி, செவப்பா பச்சையான்னு நீயும் மேடமும் பட்டிமன்றம் நடத்துவீங்க.

பீட்ரூட்டை நறுக்கினதுக்கு அப்பறம் கழுவினயாமா? ரொம்பச் சுத்தம். அந்தச் சாயம் தண்ணியிலயே கரையற சாதி. பாதி சிங்க்குல போயிருக்கும். சாயத்தைத் தண்ணியில விடறது நம்மூருக்குப் புதுசில்லைதான். பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணையில நொய்யல் சாயத்தண்ணி தேங்கி, தண்ணியே வேண்டாம்னு குடியானவங்க சொன்ன காலமுண்டு. 2011 ஜனவரியில ஹைகோர்ட்டே சாயப்பட்டறைகளைப் பூட்டச் சொல்லிருச்சு. ஒரு சொட்டும் வெளிய விடாம சுத்திகரிச்சாத்தான் தெறக்கலாம்னாங்க. உன்ற சிங்க்குக்கு எந்தக் கோர்ட்டும் வராது, அதனால முழுசாக் கழுவி, தொடச்சு, அப்பறமா நறுக்கு.

மஞ்சளுக்கு ஈரோடு கூப்புடு தூரம். 2019லயே ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க. நீயோ மளிகைக் கடைப் பொட்டலம் வாங்கியாந்திருக்கறே. அதுல மெட்டானில் மஞ்சள் கலந்திருந்தா, இயற்கைச் சாயம்னு நீ பிரிச்செடுக்கறது பேக்டரிச் சாயம். கண்டுபிடிப்புத்தான், யாரு இல்லைன்னா? கெழங்கா வாங்கி, காய வெச்சு, இடிச்சுச் சலி. ஒரே பருமனா இருந்தாத்தான் சாயம் ஒரே சீரா எறங்கும். அப்பறம் தண்ணியில கொதிக்க வெச்சுட்டு மூஞ்சியைத் தொங்கப் போடாதே. மஞ்சளுக்கு நெறம் குடுக்கற குர்குமின் தண்ணியில கரையாது, ஆல்கஹால்ல போடு.

அவுரி மட்டும் எதிர்க்கட்சி, மத்ததுக்குச் சொன்ன எதுவும் அதுக்கு ஒத்து வராது. இலையில நீலமே கெடையாது, இண்டிகன்னு நெறமில்லாத சரக்குத்தான் இருக்கும். ஊறப் போட்டா இலையில இருக்கற நொதி அதை ஒடைக்கும்; தண்ணியை அடிச்சுக் காத்துப் பட வெச்சாத்தான் நீலம் தெரியும். பூக்கறதுக்கு முந்தி அறுத்து அன்னிக்கே ஊறப் போட்டரோணும். விழுப்புரம் பக்கம் இன்னிக்கும் தொட்டி கட்டி எடுக்கறாங்க. காஞ்ச இலையில எடுக்கற முறையும் பழைய மெட்ராஸ் மாகாணத்துல இருந்துச்சு, அதுக்குப் பக்குவமே வேற. நீ பண்ணினது மூணாவது முறை: பச்சை இலையைப் பாலிதீன் கவர்ல கட்டி, லேப் மூலையில அழுக வெச்சது.

அப்பறம் அந்த பாட்டில்க. எல்லாம் பழுப்புப் பொடி, ஒண்ணுலயும் சீட்டில்லை. லாட் நம்பர் இல்லாத ரோலை எந்த டையிங் மாஸ்டரும் தொட மாட்டார். எந்தச் செடி, எந்தப் பாகம், எங்க, என்னிக்குப் பறிச்சது, ஈர எடை என்ன, காஞ்ச எடை என்னன்னு எழுதி ஒட்டு. பச்சை இலையில முக்காவாசிக்கு மேல தண்ணிதான். ஈர எடைக்குக் கணக்குப் போட்டா நீ அளந்தது சாயத்தை இல்லை, ஆழியாத்துத் தண்ணியை. மூடி இறுக்கி, இருட்டுல வை. ஜன்னலோரம் வரிசையா வெச்சா போட்டோவுக்கு நல்லாருக்கும்.

செம்பருத்திச் சாறுல எலுமிச்சை விட்டா இன்னும் செவக்கும், சோப்புத் தண்ணி விட்டா பச்சைக்குத் திரும்பும். அதை எனக்கும் காட்டு. ஆனா ஃபில்டர் பேப்பர் தீந்துருச்சுன்னு என்ற வேட்டியில கை வெச்சராதே. படிகாரம் காட்டாத பருத்தியில பூச்சாயம் நிக்காதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கலாம். அதை நம்பி அப்புச்சி வெள்ளை வேட்டியைக் குடுக்கறதா இல்லை.