பூப்போட்ட ரோலரும் பொறுமையும்

வா மாப்ள, உக்காரு. பையைக் கீழ வை, அது உன்னைவிட கனமா இருக்கு. என்னது, சுவத்துக்குச் சொரசொரப்புப் பூச்சு போடற சாமானா? முந்நூறு வெள்ளியா! பேஷ். என் கல்யாணத்துக்கே அவ்வளவு ஆகல. எடுத்து வை, கண்ணால பாத்துக்கறேன்.

பளபளன்னு நாலு இரும்புக் கரணை. பல்லு வெச்ச கரணை ஒண்ணு. ஸ்பாஞ்சு ஒட்டுன பலகை. பூப்போட்ட ரோலர். கைப்பிடியைச் சுத்தினா சாந்தைத் தெளிக்கிற பெட்டி. அடேயப்பா, சீமந்தத்துக்குத் தட்டு வெச்ச மாதிரி இருக்கு! பூச்சு சீக்கிரம் காயாம நனைச்சுத் தொங்க விடற சாக்கைத்தான் காணோம். தண்ணி அடிக்க நல்ல பிரஷ் காணோம். மூக்குக்கண்ணாடி மாதிரி கண்ணை மூடற கண்ணாடியும் காணோம். சுண்ணாம்பு கண்ணுல பட்டா என்ன ஆகும்னு கடைக்காரன் சொல்லலியா? அவனுக்கு ரோலர் விக்கணும், உன் கண்ணைப் பத்தி அவனுக்கென்ன.

சரி, சுவரு எங்க இருக்கு? ஜார்ஜ் டவுன்ல சூலியா தெருவா? முன்னால அஞ்சடி நடைபாதை வெச்ச பழைய கடைவீடுன்னா பையை அப்படியே கட்டு. அது செங்கல்லும் சுண்ணாம்பும் சேந்த சுவரு. அடியில ஈரத்தைத் தடுக்க ஒண்ணும் போட்டிருக்க மாட்டாங்க. பக்கத்துல கடலு. மண்ணுல இருக்கிற தண்ணி, உப்பையும் துணைக்குக் கூட்டிக்கிட்டுச் செங்கல் வழியா மேல ஏறும். சுண்ணாம்புப் பூச்சுன்னா அந்த ஈரம் வேர்வை மாதிரி வெளிய போயிடும். நீ அதுமேல சிமெண்டுப் பூச்சு போட்டு, பிளாஸ்டிக் பெயிண்டும் அடிச்சா, மழைக்கோட்டு மாட்டிக்கிட்டுத் தண்ணிமலைக் கோயிலுக்குக் காவடி தூக்கற கதைதான். உள்ளயே புழுங்கி, உப்பு பூத்து, செங்கல்லு மாவா உதிரும்.

புத்தகத்துல படிச்சு சொல்லல. ஒரு தவுக்கேக்கு, அதான் கடை முதலாளிக்கு, நானே சிமெண்டு பூசியிருக்கேன். "கல்லு மாதிரி நிக்கும் தவுக்கே"ன்னு வாய் வேற விட்டேன். ரெண்டு மழைக்காலம் நின்னுச்சு. அப்புறம் கல்லு மாதிரியே, பாளம் பாளமா அஞ்சடியில விழுந்துச்சு. கீழ நின்னது அவரு சைக்கிள் மட்டுந்தான், சாமி புண்ணியம்.

அந்தக் காலத்துல சுண்ணாம்புன்னு சொன்னா எங்களைப் பட்டிக்காட்டானுங்கன்னு சிரிப்பானுங்க. 2008 ஜூலை 7ல யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுப் பட்டியல்ல சேத்துச்சு பாரு, அதுக்கப்புறம் அதே பட்டிக்காட்டானுங்களைத் தேடிக்கிட்டு அலையறானுங்க. லைத் தெருவுல சியோங் ஃபாட் சீ மாளிகை பாத்திருக்கியா? அந்த நீலம் டின்னுல வந்த பெயிண்டு இல்ல. அவுரி நீலத்தைச் சுண்ணாம்புல கலந்து அடிச்சது. 2000த்துல யுனெஸ்கோ விருது வாங்கின வீடு.

இப்ப சாமானுக்கு வருவோம். மூஞ்சியைத் தொங்கப் போடாத. சொரசொரப்பு வேணும்னா மரக்கட்டைதான் ராசா. எங்கப்பன் ஊர்ல மணியாஸ் கட்டைன்னுவாங்க. மரம் தேச்சா பூச்சோட முகம் திறந்திருக்கும், மணல் தெரியும். வழுவழு இரும்பு கொஞ்சம் கூட அமுக்கினா சுண்ணாம்புப் பாலெல்லாம் மேல வந்து மூடிக்கும், அப்புறம் சிலந்திவலை மாதிரி வெடிக்கும். வெள்ளைச் சுண்ணாம்புல சாதா இரும்பு கறுப்புக் கோடும் விடும். ஸ்பாஞ்சுப் பலகை பரவாயில்ல, கடைசியில லேசா வட்டமா தடவிக்கலாம். பல்லு வெச்சது ஓடு ஒட்டறதுக்கு. அதை ஏன் வாங்கினே, பல்லு அழகா இருந்துச்சா?

எதுல தேய்க்கிறேங்கறதைவிட எப்ப தேய்க்கிறேங்கறதுதான் விஷயம். கட்டை வெரலால அமுக்கு. பள்ளம் விழுந்தா இன்னும் பொறு. பள்ளம் விழாம நகம் மட்டும் பதிஞ்சா, எந்திரி.

நேரம் எவ்வளவு முக்கியம்னு தெரியணும்னா, 1930கள்ல கட்டின கடைகளோட முகப்பைப் பாரு, கருங்கல்லுல செஞ்ச மாதிரி இருக்கும். கல்லு இல்ல, சாங்காய் பூச்சு. கருங்கல் பொடிச்சில்லைச் சிமெண்டுல குழைச்சு அப்புவாங்க. கல்லு அடுக்கின மாதிரி கோடு கிழிப்பாங்க. அது முழுசா இறுகறதுக்குள்ள தண்ணியும் பிரஷும் வெச்சு மேல இருக்கிற சிமெண்டைக் கழுவி விடுவாங்க, சில்லு வெளிய தெரியும். சீக்கிரம் கழுவினா சில்லே கொட்டிடும். பிந்திக் கழுவினா பிரஷ்தான் தேயும். ரோலர் கம்பெனிக்காரன் அந்த நேரத்தை டப்பாவுல அடைச்சு விக்க முடியாது பாரு, அதனாலதான் ரோலரை விக்கிறான்.

இன்னொண்ணு கேளு. சிங்கப்பூர்ல செயிண்ட் ஆண்ட்ரூஸ் மாதா கோயில் இருக்கே, 1850கள்ல கட்ட ஆரம்பிச்சது, இந்தியாவுல இருந்து விலங்கு மாட்டிக் கொண்டுவந்த கைதிங்க கையால எழுந்தது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டிச் சக்கரை, தேங்காய் மட்டை ஊறவெச்ச தண்ணி, இதைக் குழைச்சுப் பூசினாங்கன்னு அவங்களை மேய்ச்ச மெக்நாயர் துரை 1899ல புத்தகமே எழுதி வெச்சிருக்காரு. காஞ்சப்புறம் கண்ணாடியா மினுக்கினது எதை வெச்சு? உருண்டைக் கல்லு. முந்நூறு வெள்ளி இல்ல, மூணு காசு இல்ல.

சனிக்கிழமை காலையில வாரேன். சுவத்துல பழைய சிமெண்டு இருந்தா கொத்தி எடு, முந்தின நாளு சுவத்தை நல்லா நனை, சாக்கு நனைச்சுத் தொங்க விடக் கயிறு கட்டி வை. மொதல்ல பின்கட்டுச் சுவத்துல ரெண்டு அடிக்கு ரெண்டு அடி போட்டுப் பாப்போம். முகப்புல ஏறினா மூலைக்கு மூலை ஒரே மூச்சு. நடுவுல தே தாரிக் குடிக்கப் போனேன்னு வை, நின்ன இடம் ஊருக்கே தெரியும், தழும்பு மாதிரி. கூட ஒரு ஆளைப் பிடி, சாந்து குழைக்க.

அந்தப் பூப்போட்ட ரோலரை உங்க அத்தைகிட்ட குடு, சப்பாத்திக்கு ஆகும். வரும்போது ஒரு டஜன் முட்டை வாங்கிட்டு வா. சுவத்துக்கு வேணாம், எனக்கு.